வீடும் வெயிலும் சட்டமும்

கட்டடங்களில் எரிசக்தியைச் சிக்கனமாகச் செலவிடுவதற்கென்று வகுக்கப்பட்டிருக்கும் விதிகளைப் பற்றி உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன். விதி, சட்டம், அளவு என்று சொன்னவுடன் வானொலிப் பெட்டியை மூடிவிட வேண்டாம். இந்த விதிகள் பேசுவது நம் தலைக்கு மேலிருக்கும் கூரையையும், நாம் படுத்துறங்கும் அறையின் மேற்குச் சுவரையும், அதிலுள்ள சன்னலையும் பற்றியே. சித்திரை மாதத்தில் இரவு பத்து மணிக்குப் பிறகும் சுவர் ஏன் சுடுகிறது என்று என்றாவது கேட்டவர் எவரும் இதைக் கேட்கத் தகுதியுடையவரே.

அன்னூர்ப் பக்கத்தில் வீடு கட்டத் தொடங்கியிருந்த ஒரு விவசாயப் பெரியவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஏனுங்க, எடம் நம்முளுது, பணம் நம்முளுது, கரண்டுக்குக் காசு கட்டறதும் நாமதானுங்க. சுவரு எப்படி இருக்கோணும்னு கவர்மெண்டு எதுக்குங்க சொல்லோணும்?" என்றார். நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறுமுன், வீட்டுக்குள் வெப்பம் எப்படி வருகிறது என்பதையும், விதிகள் எதை அளக்கின்றன என்பதையும் பார்த்துவிடுவோம்.

கொங்கு நாட்டின் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். தோட்டத்துச் சாளைக்கு மண் சுவர், பனையோலைக் கூரை. வசதி படைத்தவர்களுக்குத் தொட்டிக்கட்டு வீடு. நடுவே வானம் பார்த்த தொட்டி, சுற்றிலும் தாழ்வாரம், முன்புறம் ஆசாரம், தெருவை நோக்கித் திண்ணை. சுவர் கனமானது, பகலில் ஏறும் வெப்பம் அதைக் கடந்து உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையேயுள்ள சந்துகளின் வழியே சூடான காற்று மேலேறி வெளியே போய்விடும். இந்த வீடுகளில் குறைகளும் இருந்தன. அறைகள் இருண்டு கிடந்தன. அடுப்புப் புகை தேங்கியது. ஓலை மாற்ற வேண்டும், ஓட்டைப் பிரித்து மேய வேண்டும், கறையானோடு போராட வேண்டும். ஆகவே, கையில் காசு சேர்ந்தவுடன் மக்கள் தார்சு வீடு கட்டினார்கள். அதைக் குறைகூற இடமில்லை. கான்கிரீட் தளம் உறுதியானது, அதன்மேல் இன்னொரு மாடி எழுப்பலாம், மிளகாய் காயப்போடலாம். ஆனால் பழைய வீடு சொல்லாமலே செய்துவந்த ஒரு வேலையைப் புதிய வீடு கைவிட்டுவிட்டது. வெயிலை வெளியே நிறுத்தும் வேலைதான் அது.

வெப்பம் வீட்டுக்குள் நுழையும் வழிகள் மூன்று: கூரை, சுவர், சன்னல். இவற்றுள் கூரையே முதன்மையானது. காலை முதல் மாலை வரை வெயில் படும் பகுதி அதுதான். ஒரு பொருளின் வழியே வெப்பம் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பதைப் பொறியியலார் ஓர் எண்ணால் குறிக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில், இருபுறமும் ஒரு டிகிரி வெப்பநிலை வேறுபாடு இருக்கும்போது, எத்தனை வாட் வெப்பம் கடந்து செல்கிறது என்பதே அந்த எண். அதை வெப்பக் கடத்து எண் என்று சொல்வோம். எண் பெரிதானால் வெப்பம் மிகுதியாக வரும். சிறிதானால் குறைவாக வரும்.

மேலே எதுவும் போடாத 15 சென்டிமீட்டர் கான்கிரீட் தளத்துக்கு இந்த எண் மூன்றுக்குச் சற்று மேலே இருக்கும். வீடுகளுக்கான இந்திய விதித்தொகுப்பு 2018ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, கூரையின் எண் 1.2க்கு மேல் போகக்கூடாது என்று வரையறுத்தது. இந்த வேறுபாட்டின் பொருள் என்ன என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். நூறு சதுர மீட்டர் தளம். வெயில் காய்ந்த மேற்புறத்துக்கும் அறைக்கும் 20 டிகிரி வேறுபாடு என்று வைத்துக்கொள்வோம். கடத்து எண் 3.3 ஆக இருந்தால் 6,600 வாட் வெப்பம் உள்ளே இறங்கும். 1.2 ஆக இருந்தால் 2,400 வாட்தான் இறங்கும். குறைந்த வெப்பம் 4,200 வாட். ஒரு டன் குளிர்சாதனப் பெட்டி ஓர் அறையிலிருந்து வெளியேற்றக்கூடிய வெப்பமே ஏறக்குறைய 3,500 வாட்தான். ஆகவே, கூரையைச் சீர்செய்வது ஒரு குளிர்சாதனப் பெட்டியை வாங்காமலே ஓடவிடுவதற்குச் சமம். அதற்கு மின்கட்டணமும் கிடையாது.

இதை எப்படிச் செய்வது? நம் கொத்தனார்கள் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். நல்ல வழக்கம், ஆனால் அது மட்டும் நம்மை 1.2 வரை கொண்டுசேர்க்காது. பாதி வழியே கொண்டுவிடும். மீதி வழிக்குத் தளத்துக்கும் தட்டோட்டுக்கும் இடையே இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள பாலிஸ்டைரீன் நுரைப்பலகை போதுமானது. மேற்பரப்பு வெண்மையாக இருந்தால் வெயிலின் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிவிடும். வெள்ளைத் தட்டோடு பதிக்கலாம்; இயலாதவர்கள் ஆண்டுக்கொரு முறை கோடைக்கு முன்பு சுண்ணாம்பு அடிக்கலாம்.

அடுத்தது சுவர். இருபுறமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கற்சுவரின் கடத்து எண் ஏறக்குறைய இரண்டு. திண்மமான சிமெண்டுக் கல்லால் கட்டிய சுவர் அதைவிட மிகுதியாக வெப்பத்தை விடும். உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்லில் எட்டு அங்குலச் சுவர் எழுப்பினால் எண் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும். கோவை வட்டாரத்துக்குத் தடாகம் பள்ளத்தாக்குச் சூளைகள் நெடுங்காலம் செங்கல் கொடுத்துவந்தன. அனுமதியின்றி இயங்கின என்ற காரணத்தால் 2021ஆம் ஆண்டில் நூற்றுக்கு மேற்பட்ட சூளைகள் மூடப்பட்டன. எந்தக் கல்லால் சுவர் எழுப்புவது என்பதை நாம் புதிதாக எண்ணிப்பார்க்க வேண்டிய காலத்தில் இருக்கிறோம். அப்படி எண்ணும்போது, கல்லின் விலையோடும் உறுதியோடும் அதன் வெப்பக் கடத்து எண்ணையும் சேர்த்துக் கேட்பது நலம்.

மூன்றாவது சன்னல். சாதாரணக் கண்ணாடியின்மேல் விழும் வெயிலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அப்படியே உள்ளே வந்துவிடும். ஆகவே, பரப்பில் சிறிதாயினும் வெப்பம் கொணர்வதில் கண்ணாடி பெரிது. சுவரின் வழியே வருவது, கண்ணாடியின் வழியே கடந்து வருவது, வெயிலாக நேரே வருவது ஆகிய மூன்றையும் கூட்டி, வெளிச்சுவரின் பரப்பால் வகுத்தால் ஒரு சராசரி கிடைக்கும். வீட்டு விதித்தொகுப்பு இந்தச் சராசரி ஒரு சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக்கூடாது என்கிறது. குளிர்ப் பிரதேசங்களுக்கு மட்டும் வேறு அளவு. இந்த முறையின் நயம் என்னவென்றால், இன்ன கல், இன்ன கண்ணாடி என்று அது கட்டளையிடுவதில்லை. பெரிய சன்னல் வேண்டுமா? நிழல் கொடுங்கள். நிழல் இயலாதா? சன்னலைச் சிறிதாக்குங்கள். சுவர் மெலிதா? வேறிடத்தில் ஈடுசெய்யுங்கள். கூட்டுத்தொகை வரம்புக்குள் இருந்தால் போதும்.

இத்தகைய விதிகள் எங்கே தோன்றின என்பதையும் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். 1973ஆம் ஆண்டில் உலகெங்கும் எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டது. அதன் பிறகு, 1975ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலார் கட்டடங்களுக்கான எரிசக்தித் தரம் ஒன்றை வெளியிட்டார்கள். 1978ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலம் அதைப் போன்ற விதிகளைச் சட்டமாக்கியது. தமிழும் ஆட்சிமொழியாக விளங்கும் சிங்கப்பூர் 1979ஆம் ஆண்டில், குளிரூட்டப்பட்ட கட்டடங்களின் சுவரும் சன்னலும் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 45 வாட்டுக்கு மேல் வெப்பத்தை உள்ளே விடக்கூடாது என்று விதித்தது. நமது வீட்டு விதியின் கூட்டல் கணக்கும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது.

இந்தியாவில் 2001ஆம் ஆண்டு எரிசக்திச் சேமிப்புச் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு எரிசக்தித் திறன் பணியகம் அமைந்தது. 2007ஆம் ஆண்டில் வணிகக் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு வந்து, 2017இல் திருத்தப்பட்டது. 2018 டிசம்பரில் வீடுகளுக்கென்று 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற தொகுப்பின் முதற்பகுதி வெளிவந்தது. கூரை, சுவர், சன்னல் ஆகியவை அதன் பொருள். 2021இல் வந்த இரண்டாம் பகுதி விளக்கு, மின்தூக்கி, நீரேற்றி முதலிய மின்கருவிகளைப் பற்றியது. 2022இல் மூலச் சட்டமே திருத்தப்பட்டு, குடியிருப்புக் கட்டடங்களும் தெளிவாக அதன் எல்லைக்குள் கொண்டுவரப்பட்டன. 2024இல் இரு தொகுப்புகளும் புதுப்பிக்கப்பட்டன.

இந்தச் சட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய பிரிவு பதினைந்தாவது பிரிவு. மத்திய அரசு வகுத்த கட்டட விதிகளை, தத்தம் பகுதியின் தட்பவெப்பத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் அதிகாரத்தை அது மாநில அரசுகளுக்கு அளிக்கிறது. இது வெறும் சம்பிரதாயம் அன்று. ஏனெனில் ஒரே மாநிலத்துக்குள்ளேயே சென்னை வேறு, கோவை வேறு. சென்னை கடற்கரை நகரம். அங்கே வியர்வை உலராது. இரவிலும் வெக்கை தணியாது. கோவையோ கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில், மேற்கு மலையின் மழைமறைவில் இருக்கிறது. கோடையிலும் இரவு ஓரளவு குளிரும். இவற்றுக்கெல்லாம் மேலாக நமக்கு ஒரு காற்று இருக்கிறது.

மேற்குத்தொடர்ச்சி மலையின் பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் அகலம். தென்மேற்குப் பருவம் தொடங்கியதும் கடலிலிருந்து வரும் காற்று அதன் வழியே புகுந்து, கோவை, பொள்ளாச்சி, பல்லடம், உடுமலை எங்கும் வீசுகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியை நாம் நேரிலேயே காண்கிறோம். பல்லடத்திலும் உடுமலையிலும் வயல்களுக்கு நடுவே நிற்கும் காற்றாலைகள் அந்தக் காற்றைத்தான் மின்சாரமாக மாற்றுகின்றன. அந்த மின்சாரம் கம்பி வழியே நகரத்துக்கு வந்து, மேற்குச் சன்னலை இறுக மூடிக்கொண்டு குளிர்சாதனப் பெட்டியை ஓடவிட்டிருக்கும் வீட்டில் செலவாகிறது. சன்னலைத் திறந்திருந்தால் காற்று நேராகவே வந்திருக்கும்!

ஆனால் மேற்குச் சன்னலை மக்கள் மூடுவதற்கும் காரணம் உண்டு. மேற்கிலிருந்து காற்று மட்டும் வருவதில்லை. பிற்பகல் வெயிலும் அங்கிருந்துதான் வருகிறது. கோவை பூமத்திய ரேகைக்கு 11 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்டு பிற்பகுதியிலும் உச்சிவேளைச் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே நிற்கிறது. இடைப்பட்ட காலத்தில் சற்றே வடக்கு நோக்கிச் சாய்கிறது. தெற்கிலும் வடக்கிலும் உள்ள சன்னல்களுக்கு உச்சி வெயில் உயரத்திலிருந்து விழுவதால் இரண்டடிச் சன்ஷேடு போதும். கிழக்கிலும் மேற்கிலும் அது போதாது. மாலை நான்கு மணி வெயில் தாழ்ந்து, பக்கவாட்டில் வந்து, சன்ஷேடுக்கு அடியில் நுழைந்து எதிர்ச்சுவர் வரை எட்டிவிடும்.

ஆகவே, காற்றுக்குத் திறந்து வெயிலுக்கு அடைப்பது எப்படி என்பதுதான் கொங்கு நாட்டு வீட்டின் தலையாய பிரச்சினை. விதித்தொகுப்பிலும் இந்த இரண்டு பக்கமும் இருக்கின்றன. ஒருபுறம் வெப்பம் 15 வாட்டுக்கு மேல் வரக்கூடாது என்கிறது. மறுபுறம், வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில், திறக்கக்கூடிய சன்னலின் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. திறக்கக்கூடிய என்ற சொல்லைக் கவனியுங்கள். இக்காலத்தில் பலரும் விரும்பி வைக்கும் நகரும் கண்ணாடிச் சன்னலில் எப்போதும் பாதிதான் திறக்கும். பார்வைக்குப் பெரிய சன்னல். காற்றுக்குப் பாதிச் சன்னல். வெளிப்புறமாகத் திறக்கும் பழைய மரக்கதவுச் சன்னல் முழுவதும் திறந்தது. அதன் சாய்ந்த பலகைகள் வெயிலை மறித்துக் காற்றை விட்டன.

இரண்டையும் ஒருங்கே நிறைவேற்றும் வழிகள் நம்மிடமே இருக்கின்றன. மேற்கே ஒரு தாழ்வாரம் இழுத்தால் சன்னல் நிழலில் இருந்துகொண்டே காற்றை வாங்கும். இடமில்லாதவர்கள் சன்னலுக்கு வெளியே நிற்கும் வாக்கில் தடுப்புப் பலகைகள் அமைக்கலாம். செங்கல்லைத் துளைவிட்டு அடுக்கிய சல்லடைச் சுவர் எழுப்பலாம். ஒரு வேப்பமரம் வைக்கலாம். உள்ளே வந்த காற்று வெளியேறக் கிழக்கிலும் ஒரு வழி வேண்டும். ஒரே சுவரில் மட்டும் சன்னல் வைத்த அறைக்குள் காற்று வர மறுக்கும். புழுதிக்கும் கொசுவுக்கும் அஞ்சி மூடுகிறவர்கள் வலைச்சட்டம் பொருத்தலாம். வலை காற்றைச் சற்றுக் குறைக்கும் என்பதால், சன்னலை அதற்கேற்பச் சிறிது பெரிதாக வைக்க வேண்டும்.

இப்போது அந்த விவசாயப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். சுவர் எப்படி இருக்க வேண்டும் என்று அரசு ஏன் சொல்ல வேண்டும்? காரணங்கள் மூன்று.

முதலாவது, வீடு நம்மைவிட நெடுநாள் வாழ்வது. இன்று சேமித்த இரண்டு சென்டிமீட்டர் பலகையின் விலையை நம் மக்களும் பேரர்களும் ஐம்பது கோடைகள் வரை செலுத்திக்கொண்டிருப்பார்கள். விளக்கை நாளை மாற்றலாம். விசிறியை அடுத்த ஆண்டு மாற்றலாம். சுவரின் திசையை மாற்ற முடியாது.

இரண்டாவது, மின்சாரம் தனிமனிதர் சொத்து அன்று. ஊர்ப் பொதுக்குளம் போன்றது. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்தது. நூற்பாலைகளும் கிணற்று மோட்டார்களும் பெருகின. இந்த நகரம் இன்றைய கோவையாயிற்று. அந்நாளில் மின்சாரத்தின் பெரும்பணி எந்திரத்தைச் சுழற்றுவது. இன்று அறையைக் குளிர்விப்பதும் பெரும்பணியாகிவிட்டது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டை எட்டியது. ஒன்றரை கிலோவாட் வாங்கும் குளிர்சாதனப் பெட்டிகள் ஒரு லட்சம் ஒரே நேரத்தில் ஓடினால் 150 மெகாவாட் வேண்டும். அந்தச் சில மணி நேரத்துக்காக நிலையமும் கம்பியும் மின்மாற்றியும் அமைக்க வேண்டும். அந்தச் செலவு குளிர்சாதனப் பெட்டியே இல்லாதவர் கட்டணத்திலும் ஏறுகிறது.

மூன்றாவது காரணம்தான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது. கட்டுகிறவர் ஒருவர், குடியிருப்பவர் வேறொருவர் என்ற நிலைமை. பெரியவர் தம் வீட்டைத் தாமே கட்டித் தாமே வாழ்வார். நகரத்தில் அப்படியல்ல. வாடகைக்கு விடக் கட்டுபவர் கூரையில் சிக்கனம் செய்கிறார். அந்தச் சிக்கனத்தின் விலையை வாடகைக்கு இருப்பவர் மின்கட்டணமாகவும் தூக்கமில்லாத இரவாகவும் கொடுக்கிறார். வாடகைக்கு வருபவர் கூரையைத் தட்டிப் பார்த்து அதன் கடத்து எண்ணை அறிய முடியாது. வாங்குபவர் கண்ணால் காண முடியாத குறை எங்கே இருக்கிறதோ, அங்கே பொது அளவுகோல் வேண்டும். எடைக்கல்லில் அரசு முத்திரை இருப்பது அதனால்தான்.

வணிகக் கட்டடங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவினாசி சாலையிலும் பிற பெருஞ்சாலைகளிலும் தரைமுதல் உச்சிவரை கண்ணாடி போர்த்த கட்டடங்கள் எழுவதைப் பார்க்கிறோம். கண்ணாடி உறை குளிர் நாடுகளில் வெயிலை உள்ளே வரவேற்க உதவியது. இங்கே அது வேண்டாத விருந்தாளியை அழைத்துவந்து, பிறகு மின்சாரம் செலவிட்டு வெளியே தள்ளச் செய்கிறது. 2017ஆம் ஆண்டு விதித்தொகுப்பின் நேர்வழி முறை, சன்னற் கண்ணாடி வெளிச்சுவரில் நூற்றுக்கு நாற்பது பங்கைத் தாண்டக்கூடாது என்கிறது. அந்தத் தொகுப்பில் மூன்று படிகள் உண்டு. வழக்கமான கட்டடத்தோடு ஒப்பிட, முதற்படியில் நூற்றுக்கு 25, இரண்டாம் படியில் 35, மூன்றாம் படியில் 50 அளவு எரிசக்தி மிச்சமாகும் என்பது நோக்கம். பெருங்கட்டடங்களுக்குப் பொறியியலாரும் கட்டடக்கலைஞரும் இருக்கிறார்கள். கணக்கிட அவர்களால் முடியும். செய்ய வேண்டியது கண்டிப்பான மேற்பார்வையே.

என் கவலை சிறிய கட்டடங்களைப் பற்றியது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இணைப்புப் பளு 100 கிலோவாட் அல்லது ஒப்பந்தத் தேவை 120 கே.வி.ஏ. உள்ள கட்டடங்களே சட்டத்தின் எல்லைக்குள் வருகின்றன. வீடு ஒன்றுக்கு ஐந்து கிலோவாட் என்று கொண்டால் இருபது வீடுகள் சேர்ந்த அடுக்ககம் அந்த அளவை எட்டும். தனி வீடு எட்டாது. திருப்பூரிலும் கோவையின் புறநகர்களிலும் தொழிலாளர்கள் வாழும் லைன் வீடுகள் எட்டவே எட்டா. அந்த வரிசை வீடுகளை நினைத்துப் பாருங்கள். பத்தடிக்குப் பத்தடி அறை, ஒரு கதவு, கதவுக்கு அருகிலேயே ஒரு சன்னல், பின்சுவர் அடுத்த வரிசைக்கும் பொதுவானது, தலைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் அட்டை அல்லது தகரம். இரவு முறை வேலை முடித்து வந்தவர் பகலில் அங்கேதான் உறங்க வேண்டும். கைக்குழந்தையோடு தாய் பகல் முழுவதும் அங்கேதான் இருக்க வேண்டும்.

நூற்பாலைகளை நடத்தியவர்கள் நாம். பருத்தி நூல் வறண்ட காற்றில் அறுந்துபோகும் என்பதால், ஆலைக்குள் காற்றின் ஈரத்தையும் வெப்பத்தையும் மணிக்கு மணி அளந்து பதப்படுத்த அறிந்தவர்கள். நூலுக்குச் செய்த அந்தக் கணக்கை நூல் நூற்பவருக்குச் செய்யாமல் விடுவது முறையாகுமா? தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெள்ளம் ஊருக்கு வெளியிலிருந்து வரும் பேரிடர். வெப்பமோ நாம் போட்ட கூரையின் வழியே வரும் பேரிடர்.

சட்டத்திலேயே இதற்கு ஒரு வாயில் இருக்கிறது. பளுவின் எல்லையை அதைவிடக் குறைத்துக்கொள்ள மாநில அரசுக்கு அதே திருத்தம் அனுமதி தந்திருக்கிறது. அப்படிக் குறைத்தால் சிறிய வீடும் சட்டத்துக்குள் வரும். ஆனால் நாற்பது பக்கக் கணக்கோடு வந்தால் பயன் விளையாது. மேஸ்திரியும் சொந்தக்காரரும் அளவுநாடாவால் சரிபார்க்கக்கூடிய இரண்டே விதிகளாக வர வேண்டும் என்பது என் எண்ணம். ஒன்று, எந்தக் கூரையும் வெற்றுக்கூரையாக இருக்கக்கூடாது. கான்கிரீட்டானால் மேலே தடுப்புப் பலகையும் வெண்மையும். அட்டையானால் வெள்ளைப் பூச்சும், கீழே காற்றோட்டமுள்ள இடைவெளி விட்ட பொய்க்கூரையும். இரண்டு, மனிதர் உறங்கும் எந்த அறைக்கும் காற்று வர ஒரு வழியும், வேறொரு சுவரிலோ கூரையின் மேற்பகுதியிலோ அது வெளியேற ஒரு வழியும் இருக்க வேண்டும்.

இது நடக்கக்கூடியதா என்று ஐயுறுகிறவர்களுக்கு 2003ஆம் ஆண்டை நினைவூட்டுகிறேன். அவ்வாண்டு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மாளிகைக்கும் அதே விதி, ஓட்டு வீட்டுக்கும் அதே விதி. ஒரு குழாய், ஒரு குழி, கொஞ்சம் ஜல்லி, மணல். எவரும் புரிந்துகொள்ளத்தக்க எளிமை. எல்லாக் குழிகளும் இன்று ஒழுங்காக இருக்கின்றன என்று சொல்லமாட்டேன். ஆயினும் கூரையில் விழும் நீருக்கு வழி காட்ட வேண்டும் என்ற எண்ணம் இன்று வீட்டு வரைபடத்தோடு சேர்ந்தே பிறக்கிறது. 2019ஆம் ஆண்டு மாநிலம் முழுவதற்கும் ஒன்றாக்கப்பட்ட கட்டட விதிகளிலும் அது இடம்பெற்றிருக்கிறது. கூரையில் விழும் மழைக்குச் செய்ததைக் கூரையில் விழும் வெயிலுக்கும் செய்யலாம்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. மின்விசிறியையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய விசிறி 75 வாட் வாங்கும். கோவையைச் சேர்ந்த வெர்சா டிரைவ்ஸ் நிறுவனம் 2012ஆம் ஆண்டிலேயே 35 வாட்டில் சுழலும் விசிறியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று அத்தகைய விசிறிகளைப் பலரும் செய்கிறார்கள். நட்சத்திரக் குறியீடும் 2023 முதல் விசிறிகளுக்குக் கட்டாயமாகிவிட்டது. நாளுக்குப் பத்து மணி நேரம் சுழன்றால் பழையது முக்கால் யூனிட். புதியது யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

வீடு கட்ட எண்ணியிருப்பவர்கள் வரைபடத்தில் கையொப்பமிடுமுன் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டுகிறேன். கூரையின் மேலே வெயிலைத் தடுக்க என்ன போடப்போகிறோம்? மேற்குச் சுவருக்கு நிழல் எங்கிருந்து வரும்? சன்னலில் எத்தனை பங்கு உண்மையாகத் திறக்கும்? உள்ளே வந்த காற்று எந்த வழியாக வெளியேறும்? வாடகைக்கு விடக் கட்டுபவர்கள் ஐந்தாவதாக ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளட்டும்: சித்திரை மாதத்து நடுப்பகலில் இந்த அறையில் என் குடும்பத்தைக் குடியமர்த்துவேனா? அதற்கு ஆம் என்று சொல்லும்படி கட்டப்பட்ட அறை, விதித்தொகுப்பின் பெரும்பகுதியை நிறைவேற்றியிருக்கும்.